பாலத்து மண்

குழாயில் தண்ணீர் நின்றுபோனால் வீட்டில் சண்டை வருவது உலக வழக்கம். பாலத்தடி வீட்டில் அன்று காலை சண்டைகூட வரவில்லை. தண்ணீர் நிற்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் கனவில்கூடத் தோன்றியதில்லை. லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கிற தார்ப்பாய்க்காரி, தண்ணீர் டிரம்மின் குழாய்க்குக் கீழே குடத்தை வைத்தாள். சத்தம் வரவில்லை. குழாயின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் ஈரமாக வந்தது, அவ்வளவுதான்.

"ஏங்க, இங்க வாங்க. தண்ணி நின்னுபோச்சு."

"நிக்காது" என்றார் உள்ளேயிருந்து அவள் வீட்டுக்காரர்.

"நின்னுபோச்சுங்கறேன்."

"நான் போட்ட லைன் நிக்காதும்மா. டிரம்முல அடைச்சிருக்கும், தட்டிப் பாரு."

அவருக்குக் குழாய் வேலை. ஊரிலுள்ள அடுக்குமாடி வீடுகளில் எங்கே ஒழுகினாலும் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, "வால்வுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் பையைத் திறப்பார். அதனால் அவருக்கு வால்வு என்றே பெயர் நிலைத்துவிட்டது. சொந்த அக்காவே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். வேலையில் கெட்டிக்காரர். கெட்டிக்காரர் என்று அவருக்கும் தெரியும் என்பதுதான் அவருடைய கஷ்டம்.

அவர்கள் குடியிருந்த இடத்தை இடம் என்று சொல்ல அவரைத் தவிர வேறு ஒருவருக்கும் தோன்றியிருக்காது. ரயில் பாதையைத் தாண்டிப் போகிற பெரிய மேம்பாலம், தரையிலிருந்து மேலே ஏறத் தொடங்குகிற சரிவு. இரண்டு பக்கமும் உயரமாக மதில் எழுப்பி, நடுவில் மண்ணை நிரப்பி, மேலே தார் போட்ட சரிவு அது. அந்த மதிலுக்கும் ரயில்வே காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஒரு பட்டை நிலம் விட்டுப்போயிருந்தது. ரயில்காரர்கள் பாலத்துக்காரர்களுடையது என்றார்கள். பாலத்துக்காரர்கள் ரயில்காரர்களுடையது என்றார்கள். அப்பனும் ஆத்தாளும் கைவிட்ட பிள்ளை மாதிரி அது குப்பை தின்று வளர்ந்துகொண்டிருந்தது. வாடகை வீட்டை இடித்தபோது தெருவில் நின்ற வால்வு, ஒரு நாள் அந்தப் பக்கம் ஏதோ பைப்பைத் தேடிப் போனவர், குப்பையைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

"மத்தியானத்துக்கு மேல பாலத்தோட நிழல். காம்பவுண்டு சுவரு ஒரு பக்கம் இருக்கு, இன்னும் மூணு பக்கம் வச்சாப் போதும். தண்ணியை நான் பாத்துக்கறேன்" என்றார் அன்றைக்கு.

பார்த்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். தெருவிளக்கிலிருந்து கழற்றிப் போட்ட சூரியத் தகட்டைக் கூரைமேல் ஏற்றி இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் ஓடவைத்தார். சந்தையில் அழுகிக் கொட்டுகிற காய்கறியை ஒரு பெரிய பீப்பாயில் ஊறப்போட்டு, அதிலிருந்து வருகிற காற்றில் அடுப்பு எரியவைத்தார். கூரைக்கு மனைவி தைத்த பழைய லாரித் தார்ப்பாய். கோழி, முட்டை, கீரை, தக்காளி, மிளகாய், சுரைக்கொடி. வெளியே வாங்கியது அரிசியும் உப்பும் எண்ணெயும்தான். அவர் அக்கா புருஷனை இழந்து அங்கே வந்து சேர்ந்தபோது, "டேய், நகரத்துக்கு நடுவுல காட்டுல குடியிருக்கிறியேடா" என்று மூக்கில் விரலை வைத்தாள். பிறகு அவளே ஒரு பாத்தியை வளைத்துப்போட்டுக் கத்தரிச் செடி வைத்தாள். அவர்களைப் பார்த்து இன்னும் சில குடும்பங்கள் வரிசையாக வந்து ஒட்டிக்கொண்டன. முதலில் வந்தவர் பஞ்சர்க்காரர்.

எல்லாவற்றுக்கும் உயிர் அந்தத் தண்ணீர்தான். சரிவு மதிலில் உள் ஈரம் வடிவதற்காகச் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருந்தார்கள். ஒன்றில் மட்டும் எப்போதும் கசிவு இருந்தது. வால்வு அதில் பைப்பைச் சொருகினார். நூலாக வந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார், ஒரு வலை, அதற்குப் பின்னால் ஜல்லி. குழாய்க்காரன் கண்ணுக்கு வலை என்றாலே அடைப்பு. கொக்கிக் கம்பியை விட்டு வலையைப் பிடுங்கினார், ஜல்லியைச் சுரண்டி எடுத்தார். கட்டைவிரல் கனத்துக்குத் தண்ணீர் கொட்டியது. அன்றைக்கு அந்த வரிசையே கைதட்டியது.

"மழைக்காலத்துல பாலம் குடிச்ச தண்ணி. வருஷம் பூரா கக்கும்" என்று எல்லோருக்கும் விளக்கம் சொன்னார்.

தண்ணீரோடு கொஞ்சம் மண்ணும் வந்தது. அது படியட்டும் என்று நடுவில் ஒரு டிரம் வைத்தார். அந்த டிரம்மைக் கழுவுவது தார்ப்பாய்க்காரியின் வேலையாயிற்று. முதலில் அவள் அந்த மண்ணைத் தூரக் கொட்டினாள். ஒரு நாள் கையில் அள்ளிப் பார்த்தாள். சலித்த மாதிரி நைஸ் மண். கோழி எச்சத்தையும் காய்த்தோலையும் கலந்து ஒரு பாத்தி போட்டாள். கீரை தளதளவென்று வந்தது. பிறகு இன்னொரு பாத்தி. விடிந்தும் விடியாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய், பொழுது சாய்ந்து வருகிற புருஷனுக்குப் பாத்திகள் தெரிந்தன, மண் எங்கிருந்து வந்தது என்பது தெரியவில்லை. ஒருதரம் கேட்டார். "கிடைச்சது" என்றாள். டிரம் நிறைய மண் விழுகிறது என்று சொன்னால், மனிதர் பைப் கெட்டுப்போகும் என்று பழையபடி வலையைக் கட்டிவிடுவார். தானாக வருகிற சீதேவியை எட்டி உதைப்பானேன் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது அந்தத் தண்ணீர்தான் நின்றுபோயிருந்தது.

வால்வு அடைப்பெடுக்கிற கம்பியோடு வந்தார். முகத்தில் கவலை இல்லை, வெறும் சலிப்புதான். மதில் ஓட்டையிலிருந்து பைப்பை உருவி வைத்துவிட்டுக் கம்பியை உள்ளே விட்டார்.

"இங்கதான் நிக்கும் பாரு" என்றார்.

நிற்கவில்லை. கம்பி போனது. அவர் கை மதிலைத் தொடுகிறவரைக்கும் போனது. கம்பியின் வாலைப் பிடித்துக்கொண்டு, திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"அந்த இன்னொரு துண்டை எடு."

எடுத்துக் கொடுத்தாள். முதல் கம்பியின் வாலில் திருகி மாட்டித் தள்ளினார். அதுவும் போனது. மண்ணில் குத்தினால் கைக்குத் தெரியும், கல்லில் பட்டால் தெரியும். ஒன்றுமே தெரியவில்லை. இருட்டறையில் கையை நீட்டித் துழாவுகிற மாதிரி கம்பி இடமும் வலமும் ஆடியது.

"என்னடா மீன் பிடிக்கிறியா?" என்றாள் அக்கா, கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே.

அவர் கம்பியை மெல்ல உருவிக் கீழே போட்டுவிட்டு ஓட்டையின் முன்னால் உள்ளங்கையை வைத்தார். வெயில் சுள்ளென்று ஏறுகிற நேரம். ஓட்டையிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. தார்ப்பாய்க்காரியும் கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று உள்ளங்கையில் பட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மண் இருக்கிற இடத்திலிருந்து காற்று எப்படி வரும்?

அந்த நேரம் மேலே ஒரு பஸ் ஏறியது. பஸ் சத்தம் அவர்களுக்குப் பழகிய தாலாட்டு. ஆனால் இன்றைக்கு அது மேலேயிருந்து வரவில்லை. மதிலுக்குள்ளிருந்து வந்தது. காலிப் பீப்பாய்மேல் யாரோ குதித்த மாதிரி தொம் என்று ஒரு சத்தம் எழுந்து, ஓட்டை வழியாக அவள் முகத்தில் அடித்து அடங்கியது. அக்காவின் கையிலிருந்த தீனிக் கிண்ணம் நழுவி விழுந்தது.

"என்னடா அது?"

வால்வின் முகத்தில் ஈயாடவில்லை. பேயறைந்தவர் மாதிரி மதிலை அண்ணாந்து பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து, தக்காளிப் பாத்தியில் கால் இடறி உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து பார்த்தால்தான் தெரிந்தது. தினமும் முகத்துக்கு நேராக நிற்கிற மதிலை யார் பார்த்தார்கள்? நடுப்பகுதி, பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி லேசாக வெளியே தள்ளியிருந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்ல" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "காலியா இருக்கு. மேல ரோடு சும்மா தொங்குது."

"தொங்குதா?"

"தார் மட்டும் நிக்குது. அடியில மண்ணே இல்ல."

சத்தம் கேட்டுப் பஞ்சர்க்காரர் வந்தார். கையில் பாதி கழற்றிய டியூப். விஷயத்தைக் கேட்டவர் மதிலைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், முதல் வேலையாகத் தெருப்பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"அண்ணே, மெதுவாப் பேசுங்க. இது வெளிய போச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுது. நாளைக்கே புல்டோசர் வரும். இத்தனை வருஷமா எவன் கண்ணுலயும் படாம இருந்துட்டோம்."

"படாம இருந்து என்ன பண்றது, மதில் சாஞ்சா மொத்தமா கண்ணை மூட வேண்டியதுதான்" என்றாள் அக்கா.

"சாயாது அக்கா. இத்தனை நாள் நின்னது இன்னும் ரெண்டு மாசம் நிக்காதா? ராவோட ராவா மூட்டையைக் கட்டிட்டு வேற இடம் பாத்துட்டு அப்புறம் சொல்லலாம்."

"சிமெண்டைக் கரைச்சு ஓட்டை வழியா உள்ள விட்டா..." என்று தொடங்கினார் வால்வு.

"எவ்வளவு கரைப்பீங்க?" என்றாள் தார்ப்பாய்க்காரி.

அவர் கையை விரித்தார். அந்தக் கை அப்படியே நின்றது. அவளும் அவர் கையைத் தாண்டிப் பார்த்தாள். அவர் உட்கார்ந்திருந்த தக்காளிப் பாத்தி, அதற்கடுத்து கீரைப் பாத்தி, மிளகாய், சுரைக்கொடிக்கு மேடு, அக்காவின் கத்தரி, அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர்களின் பாத்திகள். முழங்கால் உயரத்துக்கு, அந்தப் பட்டை நிலம் நெடுக. ஒரு கூடை மண்கூட யாரும் வெளியே வாங்கியதில்லை.

அவள் மதிலையும் பாத்தியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க" என்றாள். "அந்த மண்ணு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும்."

"என்ன?"

"நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுதான்."

வால்வு தன் கைக்குக் கீழே இருந்த மண்ணை அள்ளிப் பார்த்தார். விரலிடுக்கில் வழியவிட்டார்.

"கிடைச்சதுன்னு சொன்னியே?"

"டிரம்முலதான் கிடைச்சது. தினம் கிடைச்சது. ஒரு நாளைக்கு ஒரு கூடை, சில நாளைக்கு ரெண்டு கூடை. நம்ம பாத்தி ரொம்பினதும் எல்லாருக்கும் கொடுத்தேன். இந்தா, இவரு கடைக்குத் தரை ஒசத்தினாரே, அதுவும் அதுதான்."

பஞ்சர்க்காரர் தன் கடைப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அடி பாவி" என்று வால்வு எழுந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது? கூடை கூடையா மண்ணு வருதுன்னா ஒரு குழாய்க்காரன்கிட்ட சொல்லமாட்டாளா ஒருத்தி? உள்ள ஆறா ஓடிட்டிருக்குன்னு அப்பவே கண்டுபிடிச்சிருப்பேனே! தெரிஞ்சிருந்தா அன்னிக்கே..."

"என்ன தெரிஞ்சிருந்தா? மழைத்தண்ணிதானே? மழைத்தண்ணி எங்கிருந்து ஆறா ஓடும்?"

அவர் சட்டென்று நிறுத்தினார். மேலே இன்னொரு வண்டி தொம் என்று போனது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மழை பெய்து எத்தனை மாதம் ஆயிற்று! கிணறெல்லாம் வற்றிக் கிடக்கிற கோடையில் பாலம் மட்டும் எந்த மழையைக் குடித்துக் கக்கியது? இதைக் கேட்க ஒரு நாளும் தோன்றவில்லையே!

"ஏங்க. அது மழைத்தண்ணியா?"

அவர் மண்ணைத் தட்டிவிடுகிற மாதிரி கையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"டேய், கேக்கிறால்ல? சொல்லுடா" என்றாள் அக்கா.

"மெயின் லைன்" என்றார். "ஊருக்குப் போற பெரிய பைப் இந்தச் சரிவுக்குள்ள போகுது. எங்கயோ ஜாயிண்ட் விட்டிருக்கு. முதல் நாள் வாயில வச்சப்பவே தெரிஞ்சுது, ஊருத் தண்ணியில போடுற மருந்து வாசம். மழைத்தண்ணிக்கு அந்த வாசம் ஏது?"

"தெரிஞ்சுதா? முதல் நாளேவா?"

"சொன்னா என்ன ஆகும்? ரிப்பேர் பண்ணிடுவான். அப்புறம் நீ குடத்தைத் தூக்கிட்டு எங்க போவ? லாரித் தண்ணிக்கு வரிசையில நிப்பியா? அது வீணாத்தானே போகுது, நம்ம குடத்துல விழட்டும்னு நெனச்சேன். தண்ணி வருதுன்னு எனக்குத் தெரியும். இவ்வளவு மண்ணு போகுதுன்னு சத்தியமாத் தெரியாது."

"எனக்கு மண்ணு வருதுன்னு தெரியும்" என்றாள் அவள். "தண்ணி எங்கிருந்து வருதுன்னு தெரியாது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரே பாயில் படுத்து எழுந்தவர்கள். இரவு முழுக்க ஊர்க்கதை பேசியவர்கள். ஆளுக்குப் பாதியை மடியில் முடிந்துவைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஒரு பாலத்தைத் தின்றிருக்கிறார்கள்.

"இப்ப ஏன் தண்ணி நின்னுது?" என்றாள்.

"நிக்காது. வேற வழி பாத்துக்கிட்டிருக்கும்" என்றார் வால்வு. மதிலின் அடியைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார். "அதுதான் பயமா இருக்கு."

அவள் உள்ளே போனாள். தையல் மிஷின் பக்கத்தில், ஒரு லாரிக்காரருக்குத் தைத்து மடித்து வைத்திருந்த ஆரஞ்சு நிறத் தார்ப்பாய் கிடந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"எங்க போற?" என்றார் பஞ்சர்க்காரர்.

"மேல. வண்டியை நிறுத்தப் போறேன்."

"அம்மா, தாயே, கொஞ்சம் யோசிச்சுப் பண்ணும்மா. உங்க வீடு மட்டும் இல்ல. இந்த வரிசையில எத்தனை குடும்பம்! எங்க போவோம்? என் பொண்டாட்டி நெறமாசம்."

"தெரியும்ணே. நான்தானே அவளுக்குக் கீரை கொடுக்கிறேன்" என்றாள் அவள். "மேல போற பஸ்ஸுல நெறமாசக்காரி ஒருத்தி இருப்பாளே, அவளை என்ன பண்றது?"

அவர் வழியை மறித்து நின்றார். அக்கா தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள். "தள்ளு தம்பி" என்றாள். "வயசுக்கு மூத்தவ சொல்றேன், தள்ளிக்க." அவர் தள்ளிக்கொண்டார்.

வால்வு அசையாமல் நின்றார். தான் கட்டிய ஒவ்வொன்றையும் அவர் கண் தொட்டுக்கொண்டு போனதை அவள் பார்த்தாள். கூரைத் தகடு, பீப்பாய், பைப் வளைவுகள். அவரைக் கூப்பிடாமலே நடந்தாள்.

சரிவின் நடுப்பகுதிக்கு ஏறி, இரண்டு பெண்களும் தார்ப்பாயை ரோட்டின் குறுக்கே விரித்துப் பிடித்தார்கள். முதலில் வந்த வேன் பிரேக் போட்டுக் குலுங்கி நின்றது. பின்னால் ஆட்டோ, அதன் பின்னால் பஸ். ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது.

"துணி காயப்போட வேற இடம் கிடைக்கலையா?" என்று ஒருவர் கத்தினார்.

"பின்னால போங்க! ரோடு விழப்போகுது! அடியில மண்ணு இல்ல!" என்று கத்தினாள் தார்ப்பாய்க்காரி.

"உனக்குத் தலைக்குள்ள ஒண்ணும் இல்ல!"

அந்தப் பக்கத்திலிருந்து இறங்கிவந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் சந்தில் புகுந்து போனார்கள். கால் வைத்திருக்கிற தார் எந்த நிமிஷம் போகும் என்று தெரியாத இடத்தில் நின்றுகொண்டு, அதை நம்பாதவர்களுக்குச் சொல்வது போல ஒரு கொடுமை உலகத்தில் இல்லை. அக்காவின் உதடுகள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. பிறகுதான் தெரிந்தது, திட்டியவர்களைத் திரும்பத் திட்டிக்கொண்டிருந்தாள்.

டிராபிக் போலீஸ்காரர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"என்னம்மா இது? போராட்டமா? யாரைக் கேட்டுப் பண்றீங்க? இந்தா, சுருட்டுங்க துணியை!"

"ஐயா, நாங்க கீழதான் குடியிருக்கோம். உள்ள காலியா இருக்கு. கம்பியை விட்டுப் பாத்தோம்."

"கீழ குடியிருக்கியா? கீழ எங்க?" என்றார் அவர். "அங்க ஏது வீடு?"

அவள் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். போலீஸ்காரர் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். "ஓரமா வா, உன்னை அப்புறம் விசாரிக்கிறேன்" என்று, பஸ்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். பஸ் உறுமியது.

"சார், ஒரு நிமிஷம்."

வால்வு வந்திருந்தார். மூச்சு வாங்கியது. கையில் கடப்பாரை. அவர் யாரையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். தாரில் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓடிய ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்து, அதற்கு இந்தப் பக்கம் காலை அகட்டி நின்றார்.

"ரோட்டை உடைக்கிறியா? யோவ்!"

ஒரு குத்து. தார் பிசிறியது. இரண்டாவது குத்தில் ஜல்லி தெறித்தது. போலீஸ்காரர் அவர் சட்டையைப் பிடிக்கக் கையை நீட்டினார். மூன்றாவது குத்துக்குக் கடப்பாரை இறங்கியது. இறங்கியது நிற்கவேயில்லை. வால்வின் கையை உரசிக்கொண்டு, அவர் பிடி நழுவ, ஆள் உயரக் கடப்பாரை முழுசாக ரோட்டுக்குள் போய் மறைந்தது. உள்ளே எங்கோ ஆழத்தில் அது கல்லில் மோதுகிற சத்தம் சற்று நேரம் கழித்துக் கேட்டது. அதற்குப் பிறகு சளக் என்று தண்ணீர்.

நீட்டிய கை நீட்டியபடியே போலீஸ்காரர் நின்றார். பஸ் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார். வெறும் ஓட்டை, ஒரு கைப்பிடி அளவு, அதிலிருந்து குளிர்ந்த காற்று மேலே வந்து வால்வின் வேட்டி நுனியை அசைத்தது. தங்களுக்கே தெரியாமல் ஒவ்வொருவராகப் பின்னால் நடந்தார்கள். முன்னால் ஹார்ன் அடித்துத் திட்டியவர் கதவைத் திறந்து இறங்கி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக ஓடினார். போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்தார். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாந்தரம்தான் ஊதினார்.

அதன் பிறகு எல்லாம் வேகம். பாலத்தின் இரண்டு முனைகளும் அடைக்கப்பட்டன. மெயின் லைனின் பெரிய வால்வை எங்கோ மூடினார்கள். இன்ஜினியர் வந்தார், ஓட்டைக்குள் விளக்கை இறக்கிப் பார்த்தார். பிறகு கீழே வந்து மதிலின் வயிற்றைப் பார்த்ததும் கத்தத் தொடங்கினார்.

"எல்லாரும் வெளிய! ஆடு மாடு கோழி எதுவும் வேண்டாம், வெளிய! இந்த மதிலுக்கு இப்பவே முட்டுக் கொடுக்கணும். மண் மூட்டை எங்க?"

"லாரி வருது சார். ஆனா பாலத்தை அடைச்சதுல ஊரு பூரா டிராபிக். நகரலையாம்" என்றார் கூட வந்தவர்.

"மூட்டை இருக்கா?"

"சாக்கு இருக்கு சார். மண்ணுதான் இல்ல."

சாமான் சட்டியோடு ரயில்வே சுவர் ஓரமாக ஒதுங்கி நின்ற குடும்பங்கள் மதிலைப் பார்த்தபடி நின்றன. பஞ்சர்க்காரரின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு டயரின்மேல் உட்கார்ந்திருந்தாள். தார்ப்பாய்க்காரி முன்னால் வந்தாள்.

"மண்ணு இருக்கு சார்" என்று பாத்திகளைக் காட்டினாள்.

இன்ஜினியர் அப்போதுதான் அந்தத் தோட்டத்தைச் சரியாகப் பார்த்தார். குனிந்து ஒரு பிடி எடுத்தார். உள்ளங்கையில் தேய்த்தார். மேலே ஏறிய அவர் புருவம் இறங்கவேயில்லை.

"இது... இது சரிவுக்கு நிரப்பின மண்ணு. இது எப்படி இங்க?"

வால்வு மனைவியைத் தாண்டி ஓர் அடி முன்னால் வைத்தார்.

"மெயின் லைன் கசிவை நான் அஞ்சாறு வருஷமா பிடிச்சுக்கிட்டிருக்கேன் சார். உள்ள மண்ணைத் தடுத்து வச்சிருந்த வலையை நான்தான் பிடுங்கினேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியும்" என்றாள் அவள்.

இன்ஜினியர் இரண்டு பேரையும் பார்த்தார். கோபப்படத்தான் வந்தார், கோபத்துக்கு நேரமில்லை. "மூட்டை கட்டுங்க" என்றார்.

கீரையைப் பிடுங்குவது தார்ப்பாய்க்காரிக்கு ஒரு நிமிஷ வேலை. தக்காளியில் பழுத்தது இருந்தது, காய் இருந்தது, பூ இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வேரோடு இழுத்தாள். வால்வு சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார், அவள் அள்ளிப் போட்டாள். ஆட்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டுபோய் மதிலின் அடியில் அடுக்கினார்கள். அக்கா தன் கத்தரிப் பாத்தியின் முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யாரையும் விடாமல் நின்றாள். பிறகு தானே குனிந்து, ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி, காயைப் பறித்து முந்தானையில் போட்டுக்கொண்டு, "இதையும் எடுத்துத் தொலைங்க" என்றாள்.

சுரைக்கொடி மேடு போயிற்று. அடுத்த வீடுகளின் பாத்திகள் போயின. பட்டை நிலம் பழைய மட்டத்துக்கு வந்து, அடியில் புதைந்திருந்த பழைய குப்பை, ஒற்றைச் செருப்பு, உடைந்த கண்ணாடி எல்லாம் வெளியே வந்தன. இடுப்பு உயரத்துக்கு மூட்டை ஏறியிருந்தது. மதிலின் வயிறு அதற்கும் மேலே இருந்தது.

"பத்தாது" என்றார் இன்ஜினியர். "லாரி வர்ற வரைக்கும் தாங்கணும். இன்னும் வேணும். இவ்வளவு பெரிய பள்ளத்துக்கு இவ்வளவுதானா மண்ணு? மீதி எங்க போச்சு?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பஞ்சர்க்காரர் தன் கடைக்குள் போனார். டயர்களைத் தூக்கி வெளியே எறிகிற சத்தம் கேட்டது. அப்புறம் சம்மட்டி சிமெண்டுத் தரையில் விழுகிற சத்தம். ஒரு அடி, இன்னொரு அடி. டயர்மேல் உட்கார்ந்திருந்த அவர் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரரும் தன் கதவைத் திறந்தார். அதற்கடுத்த வீட்டுக்காரரும்.

தார்ப்பாய்க்காரி தன் அறைக்குள் போனாள். தையல் மிஷினைக் காலால் தள்ளி வாசலுக்கு நகர்த்தினாள். அடுப்பை எடுத்து வெளியே வைத்தாள். மூலையில் சுருட்டாமல் கிடந்த பாயைச் சுருட்டினாள். வெறும் தரை தெரிந்தது. முன்னொரு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, வால்வு வெளியூர் வேலைக்குப் போயிருந்த நாட்களில், அவளும் அக்காவும் சேர்த்துவைத்த டிரம் மண்ணைக் கொட்டி முழங்கால் உயரத்துக்கு உயர்த்தி மெழுகிய தரை.

வால்வு வாசலில் வந்து நின்றார். அவள் காலடியைப் பார்த்தார்.

"இதுவுமா?" என்றார்.

"இதுவும்தான்" என்று மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.